புல்டெக்கும் கொழகொழத்த பேஸும்

ஒரு பாட்டின் மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பில், அடிப்பகுதி கொழகொழவென்று இருந்தது. கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒட்டிக்கொண்டு கும்மென்று அடைத்தன. பேஸைக் குறைத்தாலோ பாட்டே சப்பென்று ஆகிவிடுகிறது.

சரி என்று புல்டெக் ஈக்யூபி-1ஏ வகை ஈக்வலைசரை (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இணைத்தேன், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இதன் மூல வடிவமைப்பு 1950களைச் சேர்ந்தது. கீழ் அலைவரிசைக்கு, கூட்ட பூஸ்ட், குறைக்க அட்டென் என இரண்டு குமிழ்கள். 60 ஹெர்ட்ஸில் இரண்டையும் சேர்த்தே திருப்பலாம். ஒன்றையொன்று அழித்துவிடும் என்று தோன்றும். அழிக்காது, ஏனென்றால் இரண்டின் வளைவும் ஒரே இடத்தில் விழுவதில்லை. அடியில் கனம் ஏறும், அதற்குச் சற்று மேலே பள்ளம் விழும். எனக்கு வேண்டியது அந்தப் பள்ளம்தான்.

கண்ணை மூடிக்கொண்டு அட்டென்னை அதிகமாகவே திருப்பினேன். கிக்கின் அடி தனியாகக் கேட்டதும் மெல்லப் பின்னால் கொண்டுவந்தேன். வளைவைக் காட்டும் கோடு திரையில் இல்லாதது எவ்வளவு பெரிய வசதி!

அப்புறம் பைபாஸ், அதாவது கருவியை விலக்கிவிட்டுக் கேட்பது. சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். அதனால் அவுட்புட்டைச் சமமாக்கிவிட்டுத்தான் ஒப்பிட்டேன்.

பூஸ்ட், அட்டென் குமிழ்களுக்குப் படி கிடையாது. ஒரே எண்ணில் வைத்தாலும் இடதும் வலதும் சமமாகாது. இரண்டுக்கும் ஒரே பிங்க் நாய்ஸை (சோதனைக்கான இரைச்சல்) அனுப்பி, ஒன்றின் போலாரிட்டியை மாற்றி, அதாவது அலையைத் தலைகீழாக்கி, கூட்டிக் கேட்டேன். இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். இரைச்சல் மிகவும் குறைந்த இடத்தில் நிறுத்தினேன்.

கடைசியில் குமிழ்களை போனில் படம் எடுத்துக்கொண்டேன். திருத்தம் கேட்டால் அதை வைத்துத்தான் மறுபடி அமைக்க முடியும்.