பள்ளியில் மருந்து கொடுக்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

சாப்பாட்டுப் பையின் ஓரத்தில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் வெள்ளையாக ஒன்றரை மாத்திரை. "சாப்பிட்டதும் மிஸ்கிட்ட கேட்டுப் போட்டுக்கோ" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், யாருக்கு, எதுவும் அதில் இல்லை. இந்தப் பொட்டலத்தை எந்த ஆசிரியரும் வாங்கக்கூடாது.

அட்டையோடு அனுப்பினாலும் ஒரு சிக்கல் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் பத்து மாத்திரை அட்டையை நான்காகக் கத்தரித்துக் கொடுக்கும்போது, காலாவதித் தேதி அச்சிட்ட ஓரம் கடையிலேயே தங்கிவிடும். தேதியும் பெயரும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். கூடவே மருத்துவர் சீட்டின் நகலும், பெற்றோர் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். கடிதத்தில் பிள்ளையின் பெயர், இனிஷியல், வகுப்பு, பிரிவு, மருந்து, அளவு, நேரம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எந்தத் தேதி வரை, அவசரத்துக்கு எந்த எண் ஆகிய எல்லாம் இருக்கட்டும். அதற்கும் முன்னால் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: பள்ளி நேரத்தில் கொடுத்தே ஆகவேண்டுமா? ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றால் காலை, பள்ளி விட்டதும், படுக்கும் முன் என்று பிரிக்க முடிகிற மருந்துகள் நிறைய உண்டு.

கொடுக்கும் நேரத்தில் "நீதானே கார்த்திக்?" என்று கேட்காதீர்கள். பயந்த பிள்ளை எதற்கும் தலையாட்டும். "உன் பேர் என்ன, எந்த கிளாஸ்?" என்று அதன் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிறகு கடிதத்தையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, விழுங்கும் வரை கூடவே நில்லுங்கள். அடுத்த பிள்ளையைக் கூப்பிடும் முன் பதிவேட்டில் நேரம், அளவு, கையெழுத்து. "அப்புறம் எழுதிக்கலாம்" என்று விட்டால், பத்து நிமிடம் கழித்து இன்னொரு ஆசிரியர் அதே மருந்தை நல்ல எண்ணத்தோடு இரண்டாவது முறை கொடுப்பார். வாந்தி எடுத்தாலும், ஒரு வேளை தவறிப்போனாலும் நீங்களாகத் திரும்பக் கொடுக்க வேண்டாம். பெற்றோருக்குப் போன் செய்யுங்கள். விழுங்க முடியவில்லை என்று மாத்திரையைப் பொடிக்கவும் கூடாது. பெயருக்குப் பின் எஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் அது மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை. பொடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

சிரப்பில்தான் கணக்கு அதிகம் பிசகுகிறது. பாராசிட்டமால் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் வருகிறது, 250 மி.கி. என்றும் வருகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். அந்தச் சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போய்விடும். வீட்டு ஸ்பூனுக்கு ஓர் அளவு கிடையாது; பாட்டிலோடு வரும் மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோதான் அளக்க வேண்டும். வீட்டில் கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். காலை எட்டு மணிக்குக் காய்ச்சல் மருந்து குடித்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பத்தரை மணிக்கு மறுபடி கொடுப்பது தவறு. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும்.

மருந்துகளைப் பூட்டி வைப்பது சரிதான், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ஆஸ்துமா இன்ஹேலர் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் இருக்கும், சாவி அவரோடு மீட்டிங்குக்குப் போயிருக்கும், பிள்ளை மைதானத்தில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும். திணறலை உடனே தணிக்கும் நிவாரண இன்ஹேலர் பிள்ளையின் பையிலோ வகுப்பாசிரியர் கையெட்டும் இடத்திலோதான் இருக்க வேண்டும். விளையாட்டுப் பீரியடுக்கும் சுற்றுலாவுக்கும் அதுவும் கூடவே போக வேண்டும்.

கொடுக்கும் முறையிலும் அவசரம் கூடாது. பிள்ளையை உட்கார வைத்து, இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குழாய்) பொருத்தி ஒரே ஒரு முறை அழுத்துங்கள். ஐந்தாறு முறை நிதானமாக மூச்சு இழுத்து விடட்டும். அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கி அடுத்தது. இரண்டு மூன்று பஃப்பைச் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேசரின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நுரையீரலுக்குப் போகாது. மருந்து தீர்ந்த டப்பாவும் "புஸ்" என்று சத்தம் போடும். அதை நம்ப வேண்டாம், எண்ணிக்கை காட்டும் டப்பாவில் எண்ணைப் பாருங்கள். எழுதிக் கொடுத்த அளவு கொடுத்தும் திணறல் குறையவில்லை என்றால் 108.

வலிப்பு வந்தால் இன்னமும் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். அதனால் வலிப்பு நிற்பதில்லை. ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றதை இரும்பு நிறுத்தியதாக நினைத்துக்கொள்கிறோம். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் வைக்காமல், தண்ணீரும் ஊற்றாமல் காத்திருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவர் எழுதிக் கொடுத்த மிடாசோலம் மூக்கு ஸ்பிரேயை அவர் சொன்ன அளவுக்கு அடித்து, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு இன்சுலின் போட்டபின் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது; போனால் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் தனியாக ஆபீஸ் ரூமுக்கு அனுப்பாதீர்கள், வழியிலேயே விழுந்துவிடும். இருக்கும் இடத்திலேயே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பள்ளி மூலம் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. 2023 மார்ச்சில் உதகையில், யார் அதிகம் விழுங்குவது என்று போட்டி போட்டு அந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட பிள்ளைகளில் ஒரு சிறுமி இறந்துபோனாள். மாத்திரை அட்டையை வகுப்பு லீடரிடம் கொடுத்துவிடுவதும், மீதியை மேசை மேல் வைப்பதும் இன்றும் நடக்கிறது. சாப்பிட்ட பிறகு, ஆசிரியர் கையாலேயே, ஆளுக்கு ஒன்று; மீதியை எண்ணிப் பூட்ட வேண்டும். ஒரு பிள்ளை அதிகம் விழுங்கியதாகத் தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. முதலில் வாந்தியும் வயிற்றுவலியும் வந்து, பிறகு சில மணி நேரம் தெளிந்ததுபோல் இருக்கும். கல்லீரல் கெடுவது அதற்குப் பின்னால்தான் தெரியவரும். காலி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.