மகளுக்கு வாங்கிய பழைய வேகன் ஆர்

மகள் கோவையில் பொறியியல் படிக்கிறாள். கோபியிலிருந்து அவிநாசி வழியாகப் போய்வர, 2 லட்சத்துக்குள் ஒரு பழைய கார் தேடினேன்.

முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது. அட்வான்ஸ் கொடுக்கப் போன என்னை, கூட வந்த மெக்கானிக் தடுத்தார். பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இஞ்சின் சூடா இருக்குதுங்ண்ணா. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க" என்றார். இஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் புகையும் சத்தமும் தெரியும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி வெள்ளைப் படிவு. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்றார். வந்துவிட்டோம்.

அப்புறம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் 2014 வேகன் ஆர் கிடைத்தது. விடியற்காலையிலேயே போய், ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்த்தோம். சர்வீஸ் பில்லில் இருந்த கிலோமீட்டரும் மீட்டரும் ஒத்துப்போயின. டயரில் 4 இலக்க எண் இருக்கும். 3216 என்றால் 2016இன் 32ஆவது வாரம் தயாரானது. நான்கும் பழசு, அதைச் சொல்லி விலையைக் குறைத்தேன்.

ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் வங்கிக் கடன் பதிவு நீங்காமல் இருந்தது. வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உம் வந்த பிறகே, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பணம் கொடுத்தேன். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்றினேன். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.