மேடையில் கொப்பியா, மனப்பாடமா? புதிய இசைக்குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரதி, மதன் கதையை ஆடும் மாசி மாதத்துக் காமன் கூத்து முடிந்த கையோடு இலங்கை மலையகத் தோட்டங்களில் அம்மன் கோவில் திருவிழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிவிடுகின்றன. அந்த மாதங்களில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் புதிதாகத் தொடங்கப்படும் இசைக்குழுக்களின் ஒத்திகைகளுக்குச் சென்று அமர்வது என் வழக்கம். எங்கள் தலைமுறை மேடையேறிய புதிதில் செய்த அதே பிழைகளை இன்றைய பிள்ளைகளும் ஒன்றுகூட விடாமல் செய்வதைக் காணும்போது, இவற்றை யாராவது எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

பாட்டைக் கொப்பியில் பார்த்துப் பாடலாமா, பாடமாக்கித்தான் பாட வேண்டுமா என்று கேட்டால், இரண்டும் சரி என்பதே என் பதில். ஆனால் எந்தப் பாட்டைப் பார்த்துப் பாடப் போகிறோம், எந்தப் பாட்டைப் பாராமல் பாடப் போகிறோம் என்பதை முதல் ஒத்திகையிலேயே தீர்மானித்து, அதற்கு ஏற்றவாறு பழக வேண்டும். பின்வரும் பிழைகளில் பெரும்பாலானவை அந்தத் தீர்மானத்தை எடுக்காமல் விடுவதால் வருபவை. கொப்பியை வீட்டில் மறந்துவிட்டு வருவது, தாள்கள் காற்றில் பறப்பது போன்றவற்றைப் பற்றி இங்கு எழுதவில்லை. ஒரு தடவை பட்டவர் அவற்றைத் தாமே திருத்திக்கொள்வார்.

கொப்பி வைப்பதை வெட்கமாகக் கருதுவது

கர்நாடக இசைக் கச்சேரியில் பாடகர் கையில் எதுவும் இல்லாமல் அமர்வதே நம் மரபு. அதற்குத் தக்க காரணமும் உண்டு. எழுதி வைத்த சுரம், அதன் அசைவான கமகத்தை முழுமையாகக் காட்டாது. ஆலாபனையும் கற்பனாசுரமும் பாடுபவருக்குக் கீர்த்தனை உள்ளே ஊறியிருந்தால்தான் அதிலிருந்து புதிதாக ஒன்று பிறக்கும். ஆனால் ஓர் இரவு முழுவதும் பக்திப் பாடல்களும் சினிமாப் பாடல்களும் மாறி மாறி வரும் மேடைக்கு, அதிலும் பாதிப் பாடல்களைத் திருவிழாக் கமிட்டி கடைசி வாரத்தில் பட்டியலிட்டுக் கொடுக்கும் மேடைக்கு, அந்த மரபை அப்படியே அளவுகோலாக்குவது நியாயமன்று.

மேற்கத்திய இசையிலும் தனிக்கச்சேரி செய்பவர் தாளைப் பாராமல் வாசிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் கிளாரா ஷூமன், பிரான்ஸ் லிஸ்ட் போன்ற பியானோக் கலைஞர்களால் பரவிய ஒன்றுதான். அக்காலத்தில் அதைச் செருக்கு என்று குறை கூறியவர்களும் இருந்தனர். 20ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய பியானோக் கலைஞர்களில் ஒருவரான ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர், தம் பிற்காலத்தில் அரங்கை இருட்டாக்கி, சிறு விளக்கொன்றின் ஒளியில் இசைத்தாளைப் பார்த்தே வாசித்தார். பார்த்து வாசித்தார் என்பதற்காக அவருடைய புகழ் குறைந்துவிடவில்லை.

வெட்கப்பட்டுக் கொப்பியை மடியில் மறைத்து வைத்து, இரண்டு வரிக்கு ஒரு தடவை குனிந்து பார்ப்பவரைவிட, தாங்கியில் நேராக நிறுத்தி, நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்த்துப் பாடுபவரின் குரல் நன்றாக வெளிவரும். குனிந்தால் தொண்டை இறுகும், மைக்கிலிருந்து வாயும் விலகும்.

பார்த்துப் பாடியதைப் பாடமாகிவிட்டது என்று நம்புவது

இந்தப் பட்டியலில் இருப்பவற்றுள் அதிக இழப்பைத் தருவது இதுதான். எத்தனை தடவை எடுத்துச் சொன்னாலும் ஒவ்வொரு புதிய குழுவும் இதையே திரும்பச் செய்வதால், இதைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே எனக்குச் சினம் வந்துவிடுகிறது.

தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்துத் தேர்த் திருவிழாவுக்காகப் பழகிய குழுவொன்றில் ஒரு தங்கச்சி பாடினாள். சுருதி விலகாத நல்ல குரல். இறுதி ஒத்திகையில் குழுத் தலைவர், "இந்தப் பாட்டு பாடமா?" என்று கேட்டார். "பாடந்தான் மாஸ்டர், கொப்பி சும்மா பக்கத்தில இருக்கும்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினாள். ஆனால் அவள் பாடியபோது நான் அவள் கண்களைக் கவனித்தேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அவை ஒரு கணம் கொப்பிக்குச் சென்று, முதற்சொல்லை எடுத்துக்கொண்டு திரும்பின. மீதி வரி முழுவதையும் அவள் நிமிர்ந்தே பாடியதால், கொப்பியைப் பார்ப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

குழம்பாமல் இருப்பதற்காக முதற் சரணத்தை நீல மையாலும் இரண்டாம் சரணத்தைச் சிவப்பு மையாலும் எழுதியிருந்தாள். திருவிழா இரவில் இரண்டாம் இடையிசை ஒலித்தபோது விளக்குப் போடுபவர் மேடை முழுவதையும் சிவப்பாக்கினார். சிவப்பு ஒளியில் வெள்ளைத் தாளும் சிவப்பாகத் தெரியும், அதன் மேலுள்ள சிவப்பு எழுத்து அதோடு கலந்து மறைந்துவிடும். முதலிரண்டு வரிகளை எப்படியோ பாடிவிட்டாள். மூன்றாம் வரிக்குக் குனிந்தபோது தாளில் ஒன்றும் இல்லை. இரண்டு சரணங்களுக்கும் ஒரே மெட்டு என்பதால், வாய் தானாக முதற் சரணத்தின் மூன்றாம் வரியைப் பிடித்துக்கொண்டது. அதைத் தொடர்ந்து நான்காம் வரியும் வந்தது. அப்படியே பாடி முடித்திருந்தால் கேட்டவர்களில் பலர் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். ஆனால் அவள் அதை உணர்ந்து, சொல்லின் நடுவில் நிறுத்தினாள். சரணம் முடிந்துவிட்டது என்று நினைத்த பேஸ் கிட்டார்காரர் பல்லவிக்குப் போனார். அவள் மீண்டும் எடுப்பாள் என்று நினைத்த கீபோர்ட்காரர் சரணத்திலேயே நின்றார். தபேலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பாட்டு அந்த இடத்திலேயே நின்றுபோனது.

கமிட்டியார் பேசிய தொகையில் ஒரு பகுதியைக் குறைத்துக் கொடுத்தார்கள், அடுத்த வருடம் வேறு குழுவை அழைத்தார்கள். அந்த இழப்பைக்கூட மறந்துவிடலாம். அந்தப் பிள்ளை அதன் பிறகு நெடுங்காலம் மேடைக்கே வரவில்லை என்பதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவளுக்கு ஞாபகசக்தி குறைவு என்று சிலர் பேசினார்கள். ஞாபகசக்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவளைப் பழக்கிய முறை தவறு.

எழுதிய சொல்லைக் கண்டதும் இது தெரிந்ததுதான் என்று மனம் கூறுவது ஒரு வேலை. எதுவும் எழுதியிராத இடத்தில் அதே சொல்லைத் தானாக வரவழைப்பது முற்றிலும் வேறொரு வேலை. முதலாவதை எத்தனை நூறு தடவை செய்தாலும் இரண்டாவது கைவராது. பார்த்துப் பாடப் பாடப் பாட்டு எளிதாகிக்கொண்டே போவதால், பாடமாகிவிட்டது என்ற நம்பிக்கைதான் வளர்கிறது.

எழுதப் படிக்க அதிகம் பழகாத காமன் கூத்துக்காரர்கள், ரதியும் மதனும் பாடும் பாடல்களை இரவிரவாகத் தவறாமல் பாடுவதைப் பார்த்திருப்பீர்கள். வாத்தியாரிடம் பழைய கொப்பி ஒன்று இருந்தாலும் ஆடுபவர்கள் அதைப் பார்த்துப் பழகுவதில்லை. அவர் ஒரு வரியைச் சொல்ல, இவர்கள் வாயால் திருப்பிச் சொல்லி, தப்புப் பறையின் அடிக்குக் காலெடுத்து ஆடிக் கற்கிறார்கள். அதாவது முதல் நாளிலிருந்தே சொல்லை உள்ளிருந்து எடுத்துத்தான் பழகுகிறார்கள். கால் மாறும் இடத்தில் சொல்லும் மாறுவதால், ஒரு சொல் நழுவினாலும் அடுத்த அடி அவர்களை அடுத்த வரிக்குக் கொண்டுபோய்விடுகிறது. பின்பாட்டுக்காரர்கள் வரியைத் திரும்பப் பாடும் நேரத்தில் அடுத்த வரியை நினைத்துக்கொள்ளவும் முடிகிறது.

பாடமாகப் பாடுவது என்று தீர்மானித்த பாட்டை நீங்களும் அவ்வாறே பழகுங்கள். இரண்டு வரியைக் கேட்டதும் கொப்பியை மூடிவிட்டுப் பாடிப் பாருங்கள். தடுமாறினால் உடனே திறக்க வேண்டாம். சற்று நேரம் தேடிப் பார்த்த பிறகு திறவுங்கள், ஏனெனில் அந்தத் தேடலில்தான் சொல் பதிகிறது. இரவில் பாடம் என்று நினைத்ததை மறுநாள் காலையில், வேறு எதையும் கேட்பதற்கு முன், வெறுந்தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத வரி எதுவோ அதுதான் மேடையில் உங்களைக் கைவிடப் போகும் வரி.

அத்துடன், எப்போதும் தொடக்கத்திலிருந்தே பாடிப் பழகாதீர்கள். அப்படிப் பழகியவருக்கு நடுவில் அறுந்தால், மீண்டும் முதல் வரிக்குப் போனாலன்றித் தொடர முடியாது. வீட்டில் யாரையாவது "இரண்டாம் சரணம், மூன்றாம் வரி" என்று சொல்லச் சொல்லி, அங்கிருந்து எடுத்துப் பாடுங்கள். ஒரே மெட்டில் வரும் இரண்டு சரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வரியின் முதற்சொல்லையும் இணை இணையாகச் சொல்லிப் பார்த்து, எந்த வரி எந்தச் சரணத்துக்கு உரியது என்பதைப் பொருளோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முதற் சரணத்தில் பெண் கேட்கிறாள், இரண்டாவதில் ஆண் மறுமொழி சொல்கிறான் என்பது போன்ற ஒரு நூல் கையிலிருந்தால் வாய் தடம் மாறாது.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் அந்தப் பாட்டைப் பார்த்தே பாடுங்கள், அதில் குறையொன்றுமில்லை. பார்த்தே ஒத்திகை செய்துவிட்டு மேடையில் பாராமல் பாடப் போவதை மட்டும் செய்யாதீர்கள்.

சிவப்பு மையால் எழுதுவது

கறுப்பு மையால் மட்டுமே எழுதுங்கள்.

முழுப் பாட்டையும் எழுதி, வேண்டியதை எழுதாமல் விடுவது

பெரும்பாலான கொப்பிகளில் பாட்டு வரிகள் அனைத்தும் நெருக்கமாக எழுதப்பட்டிருக்கும்; ஆனால் இடையிசை எத்தனை ஆவர்த்தனம் (தாளச் சுற்று), சரணம் முடிந்து பல்லவியை ஒரு தடவை எடுப்பதா இரண்டு தடவை எடுப்பதா, முதலில் எடுப்பது பாடகரா புல்லாங்குழலா என்பது எதுவும் இருக்காது. மேடையில் மறப்பது இவைதான். மறந்தால் குழு முழுவதும் சிதறுவதும் இவற்றால்தான். நெருக்கமாக எழுதிய பக்கத்தில் நிமிர்ந்து குனியும் ஒவ்வொரு தடவையும் வரியைத் தேட வேண்டியிருப்பது இன்னொரு தொல்லை.

ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் போதும். மேலே கட்டையும் (பாடும் சுருதியின் உயரம்) தாளமும். அதன் கீழ் ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு சொற்கள் மட்டும், கை நீட்டும் தூரத்தில் தெரியும்படி பெரிதாக. நடுநடுவே கோடிட்டு இடையிசையின் கணக்கு. வழக்கமாகத் தடுமாறும் ஒரு வரி இருந்தால் அதை மட்டும் முழுமையாக எழுதலாம். எங்கள் பக்கத்து மூடுபனியில் ஜெல் பேனை மை கசிந்து அடுத்த பக்கத்திலும் பதிந்துவிடும். சாதாரண பேனையால் எழுதி, பிளாஸ்டிக் உறையில் இடுவது நல்லது. ஆனால் பளபளப்பான உறை மேடை விளக்கின் வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்கும் என்பதால் மங்கலான உறையைத் தேடி வாங்குங்கள்.

கோர்ட்ஸ் எழுதிவிட்டுக் கட்டையை எழுதாமல் இருப்பது

நுவரெலியாவின் இரவுக் குளிரில் நள்ளிரவு தாண்டிப் பாடும் குரல், மாலை ஒத்திகையில் எட்டிய உயரத்தை எட்ட மறுப்பது வழமை. பாடகர் ஐந்து கட்டைப் பாட்டை நாலரைக்கு இறக்கச் சொல்வார். ஐந்து கட்டைக்கு ஜி, சி, டி என்று கோர்ட்களின் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளின்) பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கும் கிட்டார்காரர், அதை எஃப் ஷார்ப், பி, சி ஷார்ப் என்று மனதுக்குள் மாற்றுவதற்குள் பாட்டு தொடங்கிவிடும். கீபோர்ட்காரர் கட்டையை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டுத் தாம் தப்பித்துக்கொள்வார்; அடுத்த பாட்டில் அதைத் திருப்பி வைக்க மறந்தால் அவரே தவறுவார்.

கோர்டின் பெயருக்குப் பதிலாக அது ஆதார சுருதியிலிருந்து எத்தனையாவது சுரம் என்பதை 1, 4, 5 என்று எழுதிப் பழகினால், கட்டை எங்கே போனாலும் தாள் மாறாது. தொடக்கத்தில் சிரமமாக இருக்கும். பழகியவர் பழைய முறைக்குத் திரும்பியதை நான் கண்டதில்லை. கட்டையைப் பக்கத்தின் மேல் பென்சிலால் எழுதுங்கள், எல்லோருடைய தாளிலும் ஒரே கட்டை இருக்கிறதா என்று நிகழ்ச்சிக்கு முன் ஒருவர் சரிபார்க்கட்டும்.

ஒலிப்பதிவு முடிவதைப் போல முடிக்க நினைப்பது

பழைய ஒலிப்பதிவுகள் பலவற்றில் கடைசிப் பல்லவி மெல்ல மெல்லக் குறைந்து மறையும். மேடையில் அப்படி மறைய முடியாது. எத்தனையாவது தடவையில், யார் கைகாட்ட, எந்தச் சொல்லில் நிறுத்துவது என்பதைத் தாளின் அடியில் எழுதுங்கள்.

இணையத்தில் கிடைத்த வரிகளை அப்படியே அச்சிட்டு எடுத்து வருவது

ஒலிப்பதிவைக் கேட்டு உங்கள் கையால் எழுதுங்கள்.

டெப்லெட் இருப்பதால் தாள் தேவையில்லை என்று எண்ணுவது

டெப்லெட்டை நான் எதிர்க்கவில்லை. இருட்டில் தானே ஒளிர்வதும், நூற்றுக்கணக்கான பாடல்களை அடக்கி வைத்திருப்பதும் பெரிய வசதிகள். ஆனால் திறந்தவெளி மேடையில் பனித்துளி படிந்த திரை விரலை உணராது, அல்லது தொடாத இடத்தைத் தொட்டதாக எண்ணிப் பக்கத்தைத் திருப்பிவிடும். வாசித்துக்கொண்டிருக்கும் கைக்குப் பக்கம் திருப்ப நேரமும் கிடைக்காது. இதற்கென்றே புளூடூத் மூலம் இயங்கும் கால்மிதி கிடைக்கிறது. இரண்டு கையும் வேலையாக இருப்பவர்கள் அதை வாங்கிக்கொள்வது நல்லது. மேடையேறுமுன் திரை தானாக அணையும் நேரத்தை நிறுத்திவிட்டு, அழைப்பும் குறுஞ்செய்தியும் வராதபடி விமான நிலையில் (ஏர்பிளேன் மோட்) வையுங்கள். கால்மிதி அதன் பிறகும் இணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை மிதித்துப் பாருங்கள். விமான நிலையில் வைக்கும்போது சில கருவிகளில் புளூடூத்தும் சேர்ந்து அணைந்துவிடும், அதைத் தனியாகத் திரும்பப் போட வேண்டும். அன்றிரவு பாடப் போகும் பாடல்களின் ஒற்றைப் பக்கத் தாள்களைப் பட்டியலின் ஒழுங்கிலேயே அடுக்கி, தாங்கியில் டெப்லெட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.