கரண்ட் போய் வந்தாலும் கலையாத நெட்வொர்க்: அரிசி ஆலைக்கு ஐபி முகவரி போடும் முறை

மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்து ஆலைகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் ஓடாது, இரண்டு கேமரா தெரியாது, டேலி (கணக்கு மென்பொருள்) திறக்காது. பல சமயம் எந்தச் சாதனமும் கெட்டிருக்காது. யாருக்கு எந்த ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காட்டும் எண்) என்பதை ராவுட்டர் மறந்திருக்கும். சின்ன ராவுட்டர்கள் பல, தாம் கொடுத்த முகவரிப் பட்டியலை அணைந்ததும் இழந்துவிடும். மீண்டும் எழுந்ததும் வருகிற வரிசையில் பங்கிடும். நேற்று பிரிண்டருக்கு இருந்த முகவரி இன்று லாரி டிரைவரின் செல்போனுக்குப் போய்விடும்.

அதனால் கேபிள் இழுப்பதற்கு முன் ஒரு தாளில் முகவரிகளைப் பிரித்து எழுதுங்கள். 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் தனியார் பயன்பாட்டுக்கு மூன்று தொகுப்புகளை ஒதுக்கியது: 10-ல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168-ல் தொடங்குபவை. 192.168.1-ஐ மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஓனர் வீட்டு ராவுட்டரும் அநேகமாக அதே எண்ணில்தான் இருக்கும்; பிறகு வீட்டிலிருந்து விபிஎன் (இணையம் வழியே ஆலை நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) போட்டால் எது வீடு, எது ஆலை என்று கணினிக்குத் தெரியாது. 192.168.37 என்று எடுத்துக்கொள்வோம், மாஸ்க் (நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் எண்) 255.255.255.0. மொத்தம் 254 முகவரி; ஓர் ஆலைக்குத் தாராளம். கீழே .1 என்றால் 192.168.37.1.

.1 – ராவுட்டர்
.2 முதல் .9 – வைஃபை பெட்டிகள், மேனேஜ்டு சுவிட்ச்
.10 முதல் .19 – டேலி டேட்டா உள்ள கணினி, எடைமேடைக் கணினி
.20 முதல் .29 – பிரிண்டர்கள்
.30 முதல் .79 – என்விஆர் (கேமரா காட்சிகளைப் பதியும் பெட்டி), கேமராக்கள்
.100 முதல் .199 – டிஹெச்சிபி (ராவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் முறை) பங்கிடுவது (செல்போன், லேப்டாப்)

மற்றவர்கள் தேடி வரும் சாதனம் எதுவும் டிஹெச்சிபி எல்லைக்குள் இருக்கக் கூடாது. பிரிண்டருக்கும் கணினிகளுக்கும் ராவுட்டரிலேயே மேக் முகவரியை (சாதனத்தின் சொந்த அடையாள எண்) வைத்து ரிசர்வேஷன் (இந்தச் சாதனத்துக்கு எப்போதும் இந்த முகவரி என்ற ஒதுக்கீடு) போடுவது வசதி. கேமராவுக்கும் என்விஆருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். அவற்றிலேயே நேரடியாக ஸ்டாட்டிக் (மாறாத) முகவரி போடுங்கள். ராவுட்டர் செத்தாலும் ரெக்கார்டிங் நிற்காது. புதுக் கேமராக்கள் பெரும்பாலும் 192.168.1.64, 192.168.1.108 போன்ற ஒரே முகவரியில் வரும். லேப்டாப்புக்கு 192.168.1.50 கொடுத்து, ஒவ்வொரு கேமராவாகச் செருகி மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செருகினால் எதுவும் ஒழுங்காகத் திறக்காது.

அடுத்த வம்பு, குடோனில் சிக்னல் வரவில்லை என்று கடையில் வாங்கி மாட்டும் இரண்டாவது ராவுட்டர். அதுவும் டிஹெச்சிபி பங்கிடத் தொடங்கும். ஒரே மனைக்கு இரண்டு பேர் பட்டா கொடுத்த கதைதான். மாட்டும் முன் லேப்டாப்பில் தனியாக இணைத்து அதன் லேன் (உள் நெட்வொர்க்) முகவரியை .2 ஆக்குங்கள், டிஹெச்சிபியை அணையுங்கள், பிறகு கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். வேன் (இணையம் வரும்) போர்ட்டில் செருகினால் அதன் கீழே தனி நெட்வொர்க் உருவாகி, செல்போனிலிருந்து பிரிண்டரைத் தேடினால் கிடைக்காது.

குடோனுக்குச் செம்புக் கேபிள் வேண்டாம். எல்லை 100 மீட்டர் என்பது ஒரு காரணம். ஐப்பசி, கார்த்திகை இடி பெரிய காரணம்: இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஓடும் செம்பு வழியாக வரும் அதிர்ச்சி இரு பக்கச் சுவிட்சுகளையும் எரித்துவிடும். உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் இழுத்து இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) வையுங்கள்.

பிரிண்டர் முகவரியில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகமா? பிரிண்டர் கேபிளைக் கழற்றிவிட்டு அந்த முகவரிக்குக் கணினியிலிருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடியுங்கள். பதில் வந்தால் அங்கே வேறொரு சாதனம் இருக்கிறது. உடனே கணினியின் ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபி முகவரி எந்த மேக்குக்கு என்பது) பார்த்தால் அதன் மேக் முகவரி கிடைக்கும். முதல் ஆறு எழுத்துகள் தயாரிப்பாளரைக் காட்டும். இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் போலி மேக் வைத்த செல்போன். கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் டிஹெச்சிபி பதிலே வரவில்லை. கேபிளையும் ராவுட்டரையும் பாருங்கள். சுவிட்சில் எல்லா விளக்கும் ஒன்றாக வெறிபிடித்து மினுக்கினால், ஒரு கேபிளின் இரு முனையையும் யாரோ அதே சுவிட்சில் செருகியிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றினால் பிடிபடும்.

வெளியூரிலிருந்து கேமரா பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே ஒரு சாதனத்துக்குத் திருப்பிவிடுவது) செய்யும் முன், ராவுட்டரின் வேன் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை என்றால் வெளியில் தெரியும் ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பலருக்கும் பகிர்ந்திருக்கிறது. ஃபார்வர்டிங் வேலை செய்யாது. ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்குங்கள், அல்லது கேமரா நிறுவனத்தின் கிளவுட் வழியைப் பயன்படுத்துங்கள்.

எல்லாம் முடிந்ததும் யூபிஎஸ் உள்பட அத்தனையையும் அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஒரு பில் அடியுங்கள், என்விஆரில் எல்லாக் கேமராவையும் எண்ணுங்கள். வராத சாதனம் இன்னும் .100 முதல் .199 வரையிலான டிஹெச்சிபி முகவரியில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.