மன்னவனூர் ஏரி நடையும் குதிகால் கொப்புளமும்

கொடைக்கானல் மலையில் பூம்பாறையிலிருந்து மன்னவனூர் ஏரிக்கு நடந்தபோது எங்கள் இருவருக்குமே ஒரே கோளாறு: ஏற்றத்தில் குதிகால் உரசல், இறக்கத்தில் விரல் நுனியில் இடி. ஷூ சின்னது என்றுதான் முதலில் நினைத்தோம். உண்மையில் கால் உள்ளே வழுக்கியது.

சரிசெய்தது நாடாவில்தான். விரல் பக்கம் தளர்த்தி, கணுக்கால் வளைவில் இரண்டு சுற்று முறுக்கி இறுக்க வேண்டும். கடைசித் துளையில் நாடாவை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்தின் மேல்துளையில் நுழைத்துச் சிறு வளையம் விடுங்கள். மறுபக்க நாடாவை அந்த வளையத்தில் கோத்துக் கீழ்நோக்கி இழுத்தால் குதிகால் அசையாது. இறக்கம் தொடங்குமுன் மறுபடி இறுக்கணும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஈரக் காலுறை தோலை ஊறவைத்துக் கிழிக்கும். பருத்தி வேண்டவே வேண்டாம். மெல்லிய நைலான் உள்ளே, கம்பளி வெளியே. ஆளுக்கு ஒரு மாற்று ஜோடி.

குதிகாலில் உரசல் சூடு தெரிந்த உடனே நில்லுங்கள். தன் குதிகாலைத் தானே சரியாகப் பார்க்க முடியாது, துணைதான் பார்த்துச் சொல்லணும். துடைத்துக் காயவைத்து, மருந்துக்கடை ஜிங்க் ஆக்சைடு பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். முனைகளை வட்டமாக வெட்டினால் பிரியாது. கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காதீர்கள்.

தண்ணீருக்கு சில்வர் பாட்டில். மலையில் பெட் (பிளாஸ்டிக்) பாட்டிலுக்குத் தடை.