பிரஷ் கட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்புரேட்டர் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்

கோடை முழுக்க மூலையில் கிடந்த, புல் வெட்டும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரை, மழை பெய்து புல் மண்டியதும் எடுத்து, முப்பது தடவை கயிறு இழுத்துத் தோள்பட்டை நொந்து உட்கார்பவர்களை வருடா வருடம் பார்க்கிறோம். கீழே சொல்பவை எல்லாம் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்களும் செய்த தவறுகள்தான். சுவிட்ச் ஆஃப், டேங்க் காலி என்பதையெல்லாம் அவரவரே கண்டுபிடித்துவிடுவார்கள்; அதை விடுவோம்.

பழைய பெட்ரோல்

ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த பெட்ரோல்-ஆயில் கலவையை வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால், பெட்ரோலை ஏற்ற அழுத்தும் பிரைமர் பல்பும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரமும் விறைத்துப்போகும். புதுக்கலவைக்கு, பெட்ரோலும் ஆயிலும் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்), 25:1 என்றால் 40 மில்லி. எது உங்கள் மெஷினுக்கு என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

சோக்கோடு இழுத்துக்கொண்டே இருப்பது

‘டப்’ என்று ஒரு சத்தம் வந்ததும், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை எடுத்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் பிளக் நனைந்துவிடும். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பத்து தடவை இழுங்கள். உள்ளே தேங்கியது வெளியேறிவிடும்.

ஸ்பார்க் சோதனை

பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்கும்போது, அதன் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள். தீப்பிடிக்கும்.

கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுவது

இதுதான் மெஷினையே தின்னும் தவறு. இன்றும் பார்த்தால் எரிச்சல் வருகிறது. நேற்றுவரை ஓடிய மெஷினில் ஸ்க்ரூ தானாகத் திரும்பிவிடாது. டேங்குக்குள் குழாய் நுனியில் இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்ன சல்லடையில் பிசின் படிந்திருக்கும். அதைப் பார்க்காமல், முழு வேகத்தில் போகும் பெட்ரோலின் அளவை வைக்கும் ‘எச்’ ஸ்க்ரூவை உள்ளே திருகி, பெட்ரோலைக் குறைத்துவிடுகிறார்கள். பிறகு யாரோ ஃபில்டரை மாற்ற, மெஷின் ஓடுகிறது. முன்பைவிடக் கணீரென்று ஓடுகிறது. அந்தச் சத்தத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். நல்ல வெயிலில் பாத்தி பாத்தியாக அடித்துக்கொண்டிருக்கும்போது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் ஓட்டை வழியாகப் பார்த்தால் பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் தெரியும். பிஸ்டனும் சிலிண்டரும் மாற்ற வேண்டியதுதான்.

ஏற்கெனவே திருகிவிட்டீர்களா? கையேட்டில் சொன்ன சுற்றுக்குத் திரும்புங்கள். ஸ்க்ரூவை மெதுவாக, தட்டும்வரை மட்டும் மூடி, அங்கிருந்து சுற்றை எண்ணித் திறக்க வேண்டும். இறுக்கினால் ஊசிமுனை கெட்டுவிடும். சரியான ‘எச்’ செட்டிங்கில், புல்லில் வைக்காமல் முழு வேகத்தில் பிடித்தால் சத்தம் லேசாகக் கரகரக்கும். புல்லில் வைத்ததும் தெளியும்.

ஜெட்டில் கம்பி விடுவது

கூடாது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் ஓட்டை பெரிதாகிவிடும்.

சைலன்சர் வலையை மறப்பது

ஸ்டார்ட் ஆகி, வேகம் ஏறாமல் அணைகிறதா? சைலன்சர் வாயில் வலை இருந்தால் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கரி அடைத்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து மாட்டுங்கள். எறிந்துவிடாதீர்கள், காய்ந்த சருகில் தீப்பொறி விழாமல் காப்பது அந்த வலைதான்.