பெங்களூரில் நர்சிங், பிசியோ, எம்பிபிஎஸ் படிக்க உதவித்தொகை: எங்கே தொடங்குவது?

பிஎஸ்சி நர்சிங், பிசியோதெரபி, பிஃபார்ம், லேப் டெக்னாலஜி, எம்பிபிஎஸ் என்று எதில் சேர்ந்தாலும், உதவித்தொகை என்றதும் முதலில் கூகுளில் பட்டியல் தேடுகிறோம். பட்டியல் நீளமாகத்தான் கிடைக்கும். அதில் பாதிக்கு நாம் விண்ணப்பிக்கவே முடியாது என்பது கடைசித் தேதி நெருங்கும்போதுதான் தெரியும். பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் ஒரு படி அதிகம். அரசுப் பணம் எந்த வாசல் வழியாக வரும் என்பதை, நீங்கள் எந்த மாநிலக் கணக்கில் வருகிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

படி 1: நீங்கள் எந்த மாநிலம்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து படிக்க மட்டும் வந்தவர்களுக்குப் பதில் எளிது. எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகையை, மாணவர் நிரந்தரமாக வசிக்கும் மாநிலம்தான் தர வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. கல்லூரி பெங்களூரில் இருந்தாலும் விண்ணப்பம் போக வேண்டியது தமிழ்நாட்டுக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது.

அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக் நகர் என்று இங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பங்களுக்குத்தான் தலைவலி. வேறு மாநிலத்திலிருந்து குடியேறிய எஸ்சி, எஸ்டி குடும்பத்துக்குச் சாதிச் சான்றிதழ் கிடைத்தாலும், குடியேறிய மாநிலம் தரும் சலுகை கிடைக்காது. மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட ஆந்திர மாணவர் ஒருவரின் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எஸ்சி பட்டியலுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950இல் வந்தது. அப்போது குடும்பம் எங்கே குடியிருந்தது என்பதே கேள்வி. அதனால் கொள்ளுத்தாத்தா கோலார் தங்கவயலிலோ கண்டோன்மென்டிலோ வேலை பார்த்ததைக் காட்டும் பழைய காகிதம் எதுவும் வீட்டில் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். தாலுகா அலுவலகத்தில் வாய்ப்பேச்சை விட அதற்கு மதிப்பு அதிகம்.

பிற்படுத்தப்பட்டோர் என்றால் கர்நாடகப் பட்டியலே வேறு: 1, 2ஏ, 2பி, 3ஏ, 3பி. தமிழ்நாட்டில் உங்கள் சாதிக்கு உள்ள பிரிவு இங்கே அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். அப்புறம், தமிழ் பேசுவதால் சிறுபான்மை உதவித்தொகை உண்டா என்று பலர் கேட்கிறார்கள். அந்தத் திட்டங்கள் மதச் சிறுபான்மையினருக்கானவை. தமிழ் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், சமணர்கள் போன்றோர் விண்ணப்பிக்கலாம், தமிழ் பேசுவதை மட்டும் காட்டி விண்ணப்பிக்க வழி இல்லை.

படி 2: உதவித்தொகைக்கு முன் அரசு இடம்

என் கணக்கில் மிகப் பெரிய உதவித்தொகை, கேஇஏ என்ற கர்நாடகத் தேர்வு ஆணையத்தின் கவுன்சலிங் வழியாகக் கிடைக்கும் அரசு இடம்தான். எம்பிபிஎஸ் மட்டுமல்ல, நர்சிங், பிசியோ, பிஃபார்ம் இடங்களும் அதில் வருகின்றன. கர்நாடக மாணவர் என்று காட்டப் பலரும் பயன்படுத்தும் விதி இது: ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) வரை குறைந்தது 7 கல்வியாண்டு இங்கே படித்திருக்க வேண்டும், எஸ்எஸ்எல்சி அல்லது இரண்டாம் பியூசி தேர்வை இங்கே எழுதித் தேறியிருக்க வேண்டும். தாய்மொழி எதுவென்று யாரும் கேட்பதில்லை.

அப்பாவோ அம்மாவோ கார்மென்ட்ஸிலோ பீன்யா ஆலையிலோ வேலை பார்த்து, சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் போகிறதா? ஈஎஸ்ஐ மருத்துவக் கல்லூரிகளில் காப்பீட்டாளர் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது; ராஜாஜி நகரிலேயே ஒரு கல்லூரி உண்டு. நீட் தகுதியோடு, காப்பீட்டாளரின் பிள்ளை என்று ஈஎஸ்ஐ தரும் சான்றிதழும் வேண்டும். இது பல தொழிலாளர் வீடுகளுக்குத் தெரிவதே இல்லை.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அரசுக் கட்டண உதவியைப் பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதுதான். "ஸ்காலர்ஷிப்போடு சீட்" என்று ஊருக்கு வந்து பேசும் ஏஜென்ட்டிடம், சீட் எந்த ஒதுக்கீடு, திட்டத்தின் பெயர் என்ன என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அசல் சான்றிதழைக் கையில் கொடுக்காதீர்கள்.

படி 3: காகிதங்களும் வங்கிக் கணக்கும்

கர்நாடகத்தில் வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் நாடகச்சேரி என்ற வருவாய்த் துறை அலுவலகத்தில் கிடைக்கும். பெங்களூர் ஒன் என்ற அரசுச் சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம். சான்றிதழில் ஆர்டி என்று தொடங்கும் எண்தான் முக்கியம். உதவித்தொகைத் தளம் அந்த எண்ணை வைத்தே விவரங்களை எடுத்துக்கொள்கிறது. வாரக்கணக்கில் இழுக்கலாம் என்பதால் தேர்வு முடிவுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

நம்மவர்களுக்கு வரும் தனிப் பிரச்சினை இனிஷியல். ஆதாரில் "எஸ். பிரியா", மதிப்பெண் பட்டியலில் "பிரியா எஸ்", வங்கியில் "பிரியா செல்வம்" என்று இருந்தால் தளம் மூன்றையும் மூன்று பேராகப் பார்க்கும். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றுவதுதான் சுலபம். மதிப்பெண் பட்டியலை மாற்றப் போனால் அலைச்சல் தாங்காது.

வங்கிக் கணக்கு மாணவர் பெயரில், ஆதாரோடு இணைந்து இருக்க வேண்டும். இரண்டு கணக்கு இருந்தால், ஆதார் கடைசியாக எதில் இணைக்கப்பட்டதோ அதில்தான் பணம் விழும். ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: விண்ணப்பம்

கர்நாடக அரசின் திட்டங்களுக்கு எஸ்எஸ்பி (மாநில உதவித்தொகை) தளம். ஆதார் வைத்துக் கணக்குத் திறந்து, கல்லூரியில் இ-அட்டெஸ்டேஷன் (இணையவழிச் சான்றொப்பம்) செய்யும் அலுவலரிடம் சான்றிதழ்களைக் காட்டி எண் வாங்கி, அதை விண்ணப்பத்தில் போட வேண்டும்.

மத்திய அரசின் திட்டங்களுக்கு என்எஸ்பி (தேசிய உதவித்தொகை) தளம். முதலில் ஒருமுறைப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இங்கே சாதி பார்க்காத திட்டம் ஒன்று இருக்கிறது: பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்கள், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். முதல் மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு 12,000, நான்காம் ஆண்டிலிருந்து 20,000 ரூபாய். டிப்ளமோவுக்குக் கிடையாது. வேறு அரசு உதவித்தொகை வாங்கினாலும் கிடையாது. இரண்டில் எது பெரிது என்று கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டையும் அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் அசிம் பிரேம்ஜி உதவித்தொகையைத் தவறவிடக் கூடாது. படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 30,000 ரூபாய், டிப்ளமோவுக்கும் உண்டு. கர்நாடகமும் அதன் பட்டியலில் இருக்கிறது. பெற்றோர் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கேயும் கல்வி உதவி கேட்கலாம்.

படி 5: மிச்சத்துக்குக் கடன்

7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் இருப்பதால் சொத்து அடமானம் வேண்டாம். கிளை மேலாளர் கேட்டால் அதை எடுத்துச் சொல்லுங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு அடமானமும் இல்லை, ஜாமீன்தாரரும் இல்லை. வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அடுத்த ஓராண்டிலும் 3 சதவீத வட்டியை அரசே ஏற்கும். சின்னத் தனியார் நர்சிங் கல்லூரிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. சேருவதற்கு முன்பே தளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

படி 6: அடுத்த ஆண்டு

பணம் ஒருமுறை வந்தால் தானாகவே தொடராது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மேலே சொன்ன 12,000 ரூபாய்த் திட்டத்துக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். கல்லூரி அலுவலகம் இணையத்தில் சரிபார்த்து மேலே அனுப்பாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே தூங்கும், எனவே சமர்ப்பித்த இரண்டு வாரத்தில் தளத்தில் நிலையைப் பார்த்துவிட்டு, நகராமல் இருந்தால் அச்சுப் பிரதியோடு அலுவலகத்துக்குப் போய் நில்லுங்கள்.